கெட்டுப்போன இரும்பு யார் கணக்கில்?

மாணவர் ஒருவரிடம் எதிர்காலக் குறிக்கோள் என்னவென்று கேட்டால் கிடைக்கும் விடை பெரும்பாலும் ஒரு பதவியின் பெயராகவோ ஒரு படிப்பின் பெயராகவோ இருக்கிறது. அந்தப் பதவியில் அமர்ந்தவர் காலை முதல் மாலை வரை கையால் என்ன செய்கிறார், யாரிடம் ஏச்சு வாங்குகிறார், எதைக் கெடுத்து எதைக் கற்கிறார் என்பவை அந்த விடைக்குள் வருவதில்லை. இதில் மாணவரைக் குறை சொல்வதற்கு ஒன்றுமில்லை, ஏனெனில் செய்து பார்க்காத வேலையைப் பற்றி எவருக்கும் பெயரளவிலேயே தெரிந்திருக்க முடியும். ஆசை வேறு, குறிக்கோள் வேறு என்று பிரித்துக்கொள்வது இவ்விடத்தில் பயன்படும். ஒரு வேலையின் பலனை மட்டும் கண்டு அதை விரும்புவது ஆசை. அந்த வேலையைச் செய்யும் முறையையும், அதைப் பழகுவதற்குத் தர வேண்டிய விலையையும் அறிந்த பின்னும் அதை விரும்புவது குறிக்கோள். முதலாவது இரண்டாவதாக மாறும் இடம் வேலைக்குப் போகும் முதல் ஓரிரு ஆண்டுகள் ஆகும். அந்த ஆண்டுகளைப் பற்றிப் பேசுவோர் ஊக்கம், ஒழுக்கம், விடாமுயற்சி ஆகியவற்றை விரிவாகப் பேசுகின்றனர். பழகும் காலத்தில் பொருள்கள் கெட்டுப்போகின்றன, நேரம் வீணாகிறது, அந்த நட்டத்தை யாரேனும் ஒருவர் ஏற்றாக வேண்டும் என்பதைப் பற்றி மிகக் குறைவாகவே பேசப்படுகிறது. அதை ஏற்பவர் யார் என்பதைப் பொறுத்தே எந்த மாணவருக்கு எத்தகைய குறிக்கோள் கட்டுப்படியாகும் என்பது அமைகிறது. இவ்வுரை அந்தக் கணக்கைப் பற்றியது.

கணக்கைத் தொடங்க ஓர் இரும்புத் துண்டு போதும். மக்கள் வாயில் ஐ.டி.ஐ. என்று வழங்கும் தொழிற்பயிற்சி நிலையங்களில் ஃபிட்டர் பிரிவில் சேரும் மாணவரின் கைக்கு முதலில் வருவது பெரிய எந்திரம் எதுவும் அன்று. ஒரு மைல்ட் ஸ்டீல் பட்டையும் ஓர் அரமும்தான். பட்டையை ஹேக்ஸா ரம்பத்தால் அறுத்து, பெஞ்ச் வைஸின் தாடைகளுக்கு நடுவே இறுக்கி, அரத்தால் ராவி, முகங்கள் மட்டமாகவும் பக்கங்கள் ஒன்றுக்கொன்று செங்கோணமாகவும் வரும்படி செய்ய வேண்டும். கேட்பதற்கு எளிதாக இருக்கும் இந்த வேலையில் கைக்கு ஒரு கணக்கு உண்டு. அரத்தை முன்னே தள்ளத் தொடங்கும்போது அதன் முனையைப் பிடித்திருக்கும் இடக்கை கூடுதலாக அழுத்த வேண்டும். பாதித் தூரத்தில் இரு கைகளின் அழுத்தமும் சமமாக வேண்டும். முடிவில் கைப்பிடியைப் பற்றிய வலக்கையின் அழுத்தம் மேலோங்க வேண்டும். பின்னே இழுக்கையில் அழுத்தமே கூடாது. இந்த மாற்றம் கையில் படியாதவரை அரம் ஊஞ்சலாடும். ஊஞ்சலாடும் அரம் பட்டையின் இரண்டு ஓரங்களையும் தின்றுவிட்டு நடுவை மேடாக விட்டுவிடும். மட்டமாகிவிட்டது என்று மாணவர் நம்பிய முகத்தின்மேல் மூலைமட்டத்தை நிறுத்தி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், ஓரங்களில் கசியும் ஒளிக்கீற்று அவருடைய இரண்டு நாள் உழைப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடும். நடுவிலுள்ள மேட்டைக் குறைக்க அவர் மேலும் ராவுகிறார். மேடு குறைகிறது, அதோடு அளவும் குறைகிறது. வெர்னியர் காலிப்பர், அதாவது இரண்டு தாடைகளுக்கு நடுவே பொருளைப் பிடித்து 0.02 மில்லிமீட்டர் வரை அளந்து காட்டும் கருவி, வேண்டிய அளவுக்குக் கீழே போய்விட்டதைக் காட்டும்போது திருத்துவதற்கு வழியே இல்லை. மண்பாண்டம் வனைபவர் களிமண்ணை மறுபடி பிசைந்துகொள்ளலாம். ராவி உதிர்ந்த இரும்புத் தூளை ஒட்டவைக்க முடியாது. செய்துகொண்டிருக்கும் துண்டுக்குப் பட்டறையில் ‘ஜாப்’ என்று பெயர். ‘ஜாப் போச்சு’ என்ற இரண்டு சொற்களை ஒருமுறையேனும் கேட்காமல் எந்த ஃபிட்டரும் உருவானதில்லை.

போன ஜாப்பின் விலையைக் காயலான் கடைக்காரர் எடைபோட்டுச் சொல்லிவிடுவார். அது மிகச் சிறிய தொகை. பழகுவதன் முழுச் செலவில் இரும்பின் விலை ஒரு மூலையில் மட்டுமே நிற்கிறது. தேய்ந்த அரத்தின் விலை, பழகுபவர் கைவைத்ததால் உற்பத்தி செய்யாமல் நின்ற எந்திரத்தின் நேரம், தம் வேலையை விட்டுவிட்டு அருகில் நின்று காட்டிக்கொடுத்த அனுபவசாலியின் நேரம் ஆகியவை அதற்கு மேலே உள்ளவை. இவற்றோடு, கண்ணுக்குத் தெரியாத ஒன்றும் சேர்கிறது: பழகும் ஆண்டுகளில் மாணவர் வேறெங்கேனும் வேலைக்குப் போயிருந்தால் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கக்கூடிய பணம். பொருளியலார் இதனை வாய்ப்புச் செலவு என்பர்; ஒன்றைத் தேர்ந்துகொண்டதால் கைவிட நேர்ந்த மற்றொன்றின் மதிப்பு என்பது அதன் பொருள். வசதியுள்ள வீட்டில் இந்தக் கடைசி வரி கணக்கிலேயே ஏறுவதில்லை. கட்டட வேலைக்குப் போனால் அன்றன்று கூலி கிடைக்கும் என்ற நிலையிலுள்ள வீட்டில் மற்ற எல்லா வரிகளையும்விட அதுவே பெரியது.

இச்செலவை ஈடுகட்டுவதற்குப் பழைய பட்டறைகளில் ஒரு வழக்கம் இருந்தது. இன்றும் மோட்டார் மெக்கானிக் கடைகளிலும் லேத் பட்டறைகளிலும் அது மிச்சமிருக்கிறது. வேலை பழக வந்த பையன் முதலில் தரையைக் கூட்டுவான், தேநீர் வாங்கி வருவான், எண்ணெய்ப் பிசுக்கேறிய நட்டு போல்ட்டுகளை மண்ணெண்ணெயில் கழுவி வைப்பான், மேஸ்திரி பன்னிரண்டாம் நம்பர் என்றால் ஸ்பேனரை எடுத்து நீட்டுவான். எடுபிடி, கையாள் என்று பெயர்பெற்ற இந்த நிலையில் அவனுக்குக் கிடைப்பது சாப்பாடும் வாரக் கடைசியில் கைச்செலவுக்குச் சிறிது காசும்தான். பின்னாளில் அவன் கெடுக்கப்போகும் பொருள்களின் விலையை முன்கூட்டியே தன் உடலுழைப்பால் கட்டிவிடுகிறான் என்பதே இதன் உள்ளடக்கம். இந்த முறையில் கற்றவர்களின் கைத்திறனைப் பாராட்டுவோர், அது எந்தக் காலக்கெடுவும் இல்லாத ஒப்பந்தம் என்பதைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர். எப்போது எடுபிடி வேலை முடிந்து எஞ்சினைத் தொடலாம் என்பதை மேஸ்திரியின் மனமே தீர்மானித்தது. பல தொழில்களில் பிறந்த சாதியும் உறவும் அதைப் பாதி தீர்மானித்திருந்தன.

இங்கிலாந்தில் இந்த ஒப்பந்தத்துக்குச் சட்டம் காலக்கெடு விதித்தது. 1563ஆம் ஆண்டின் கைவினைஞர் சட்டம் ஒரு தொழிலைச் செய்வதற்கு ஏழாண்டுப் பழகுநர் காலத்தைக் கட்டாயமாக்கியது. அந்த விதி 1814இல்தான் நீக்கப்பட்டது. பழகுநர் என்பவர் தொழில் தெரிந்த ஒருவரிடம் எழுத்து ஒப்பந்தத்தின்படி சேர்ந்து வேலை செய்தபடியே கற்பவர். அவரைச் சேர்த்துக்கொள்வதற்குப் பெற்றோர் முதலாளிக்கு முன்பணம் கட்டுவது அங்கே வழக்கம். கொல்லரின் மகனும் பின்னாளில் பெயர்பெற்ற அறிவியலாருமான மைக்கேல் ஃபாரடே 1805இல் தமது 14ஆம் வயதில் லண்டனில் ஜார்ஜ் ரீபோ என்ற புத்தகம் கட்டுபவரிடம் ஏழாண்டுக்கு ஒப்பந்தமானபோது, அதற்கு முன் அவர் அங்கே எடுபிடியாக நம்பிக்கைக்குரியவராக வேலை செய்ததைக் கருதி அந்த முன்பணம் கேட்கப்படவில்லை. கேட்கப்பட்டிருந்தால் அந்தக் குடும்பம் என்ன செய்திருக்கும் என்று ஊகிக்க அதிக நேரம் ஆகாது. கட்டுவதற்கு வந்த நூல்களையே அவர் படித்தார். மின்சாரத்தைப் பற்றியும் வேதியியலைப் பற்றியும் அவருக்கு முதலில் தெரியவந்தது அந்தக் கடையில்தான். 1812இல் வேதியியலார் ஹம்ஃப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டு, குறிப்பெடுத்து, படங்கள் வரைந்து, அந்தக் குறிப்புகளைத் தாமே நூலாகக் கட்டி டேவிக்கு அனுப்பினார். 1813 மார்ச்சில் ராயல் இன்ஸ்டிடியூஷன் என்ற அறிவியல் நிறுவனத்தில் வாரம் 25 ஷில்லிங் சம்பளத்துக்கு உதவியாளராகச் சேர்ந்தார். வேதியியல் கற்பதற்காக அவர் புத்தகம் கட்டப் போகவில்லை. ஆனால் புத்தகம் கட்டிப் பழகிய கைதான் அவருடைய விண்ணப்பத்துக்கு அட்டை போட்டது.

ஏழாண்டு வேண்டியதில்லை என்று கருதியவர்களும் இருந்தனர். நீராவி எஞ்சினைத் திருத்தியமைத்த ஜேம்ஸ் வாட் 1755இல் லண்டனுக்குச் சென்று, கணிதக் கருவிகள் செய்யும் ஜான் மார்கன் என்பவரிடம் 20 கினி கட்டணமும் தம் உழைப்பும் கொடுத்து ஒரே ஆண்டில் தொழில் பழகினார். ஏழாண்டு முடிக்காதவர் என்பதால் கிளாஸ்கோ நகரத்தில் கடை வைப்பதற்கு அங்கிருந்த தொழிற்குழு தடை சொல்லியதாக வழக்கமாகக் கூறப்படும் வரலாறு உண்டு. 1757இல் பல்கலைக்கழகம் தன் வளாகத்துக்குள்ளேயே அவருக்குப் பட்டறை அமைத்துக்கொள்ள இடம் தந்தது என்பது உறுதி. அதே பல்கலைக்கழகத்தில் அப்போது பேராசிரியராக இருந்தவர் ஆடம் ஸ்மித். 1776இல் வெளிவந்த தமது ‘நாடுகளின் செல்வம்’ என்ற நூலில் அவர் நீண்ட பழகுநர் காலத்தைக் கடுமையாகச் சாடினார். முதல் நாளிலிருந்தே கூலிக்காரரைப் போலச் செய்த அளவுக்குக் கூலியைக் கொடுத்து, கைப்பழக்கம் இல்லாமல் கெடுத்த பொருளின் விலையை அந்த இளைஞரிடமே வாங்கிக்கொண்டால், அவர் இன்னும் கவனமாகவும் விரைவாகவும் கற்பார் என்பது அவருடைய வாதம். கெட்டுப்போன இரும்பை யார் கணக்கில் எழுதுவது என்ற கேள்விக்கு இத்தனை வெளிப்படையான விடையைத் தந்தவர்கள் குறைவு. எடுபிடியாய்க் கழியும் ஆண்டுகளிலிருந்து அது இளைஞரை விடுவிக்கிறது என்பது அதன் சிறப்பு. கெடுத்ததற்குக் கட்டுவதற்குக் காசு வைத்திருப்பவர் மட்டுமே துணிந்து கெடுப்பார், துணிந்து கெடுப்பவரே புதிதாகக் கற்பார் என்பதை அது கண்டுகொள்ளவில்லை.

தமிழ்நாட்டில் இதற்கு நேரான எடுத்துக்காட்டு கண்டுபிடிப்பாளரும் தொழிலதிபருமான ஜி.டி. நாயுடு. பள்ளிப்படிப்பில் மனம் பற்றாத அந்த இளைஞர், தாம் கண்டு வியந்த மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்குவதற்காகக் கோயம்புத்தூரில் உணவு விடுதியில் பரிமாறும் வேலை பார்த்துப் பணம் சேர்த்தார். வாங்கிய வண்டியைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்த்து மறுபடி பூட்டினார் என்பது பலரும் அறிந்த செய்தி. சர்வர் வேலை அவருக்கு எந்திரவியலில் ஓர் எழுத்தைக்கூடக் கற்றுத்தரவில்லை. அது அவருக்குத் தந்தது, தாம் கெடுத்தாலும் எவரும் கேட்க முடியாத ஓர் எந்திரம். பின்னாளில் தொழிற்கல்வி நிலையங்களைத் தொடங்குவதில் ஈடுபட்டபோது, ஆண்டுக்கணக்கில் நீளும் பாடத்திட்டங்களைக் குறுகிய காலத்தில் நடத்தி முடிக்கலாம் என்று அவர் அரசாங்கத்தோடு வாதாடியதன் வேர் இங்கே இருக்கிறது என்று கருத இடமுண்டு. எனினும் நாயுடு செய்ததை எல்லாரும் செய்யலாம் என்று மேடைகளில் சொல்லப்படுவது சரியன்று. சேர்த்த பணத்தை வீட்டுக்கு அனுப்ப வேண்டிய கட்டாயத்திலுள்ள ஒருவர் அந்த வண்டியை வாங்கவே முடியாது.

முதலாளி ஏன் பழகுவதன் செலவைத் தாமே ஏற்பதில்லை என்பதற்குக் கேரி பெக்கர் என்ற அமெரிக்கப் பொருளியலார் 1964இல் வெளியிட்ட ‘மனித மூலதனம்’ என்ற நூலில் தந்த விளக்கம் இன்றும் பாடநூல்களில் நிற்கிறது. பயிற்சியை அவர் இரண்டாகப் பிரித்தார். எந்த நிறுவனத்திலும் பயன்படக்கூடிய திறமையைத் தருவது பொதுப் பயிற்சி. வெல்டிங் கற்பது அத்தகையது. ஒரே நிறுவனத்துக்குள் மட்டும் பயன்படும் திறமையைத் தருவது தனிப் பயிற்சி. அந்த நிறுவனத்துக்கே உரிய எந்திரத்தின் போக்கையும் கோப்பு முறையையும் அறிவது அத்தகையது. பொதுப் பயிற்சிக்குச் செலவிட்ட முதலாளி, பயிற்சி முடிந்த மறுநாளே அடுத்த தெருக்காரர் ஐந்நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுத்து அந்தத் தொழிலாளியை அழைத்துக்கொள்வார் என்று அஞ்சுகிறார். ஆகவே பொதுப் பயிற்சியின் செலவு குறைந்த சம்பளம் என்ற வடிவில் பழகுபவர் தலையிலேயே விழும் என்பது பெக்கரின் முடிவு. அம்பத்தூரிலோ கோவை பீளமேட்டிலோ சிறு பட்டறை நடத்துபவர் எவரும் இந்த நூலைப் படிக்காமலே இதைச் சொல்லிவிடுவார்: கற்றுக்கொடுத்து முடிப்பதற்குள் பையன் போய்விடுகிறான் என்பது அவர்களது நிரந்தரக் குறை.

ஜெர்மனி இந்த அச்சத்தை வேறுவகையில் தணித்திருக்கிறது. அங்கே இரட்டைமுறைப் பயிற்சி என்று வழங்குவது, மாணவர் வாரத்தில் மூன்று நான்கு நாள் நிறுவனத்திலும் எஞ்சிய நாள் தொழிற்பள்ளியிலும் பயிலும் ஏற்பாடு. பெரும்பாலும் மூன்று முதல் மூன்றரை ஆண்டு நீடிக்கும். நிறுவனமே பழகுநருக்கு ஊதியம் தருகிறது, பள்ளிச் செலவை அரசு ஏற்கிறது, தேர்வைத் தொழில் வணிகக் கழகங்கள் நடத்துகின்றன. 1969ஆம் ஆண்டின் தொழிற்கல்விச் சட்டம் இதன் முதுகெலும்பு. 2020இல் முதலாண்டுப் பழகுநருக்குக் குறைந்த அளவு ஊதியம் தர வேண்டும் என்ற விதியும் சேர்ந்தது; அந்த ஆண்டில் அது மாதம் 515 யூரோ. ஊரிலுள்ள நிறுவனங்கள் பலவும் பழகுநர்களை வைத்துக்கொள்வதால், ஒருவர் வளர்த்த ஆளை மற்றொருவர் அழைத்துக்கொண்டாலும் கணக்கு ஓரளவு நேராகிவிடுகிறது.

இந்தியாவின் விடை 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம். அச்சட்டத்தின் 13ஆம் பிரிவில், அதிகம் கவனிக்கப்படாத ஓர் உட்பிரிவு இருக்கிறது: பழகுநருக்கு உதவித்தொகை தர வேண்டும், ஆனால் அதை அவர் செய்துமுடித்த உருப்படிகளின் எண்ணிக்கையைப் பொறுத்துத் தரக் கூடாது, உற்பத்திக்கான போனஸ் அல்லது ஊக்கத்தொகைத் திட்டம் எதிலும் பங்கேற்குமாறு அவரைக் கட்டாயப்படுத்தவும் கூடாது. ஆடம் ஸ்மித் சொன்னதற்கு இது நேர் எதிர். எத்தனை ஜாப் நன்றாக வந்தது, எத்தனை ஸ்கிராப்புக்குப் போனது என்பதற்கும் மாதக் கடைசியில் கைக்கு வரும் தொகைக்கும் உள்ள தொடர்பைச் சட்டமே அறுத்துவிடுகிறது. எண்ணிக்கையைத் துரத்தும் மாணவர் தமக்கு ஏற்கெனவே கைவந்த ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்வார். தெரியாத வேலையின் பக்கம் போகமாட்டார். அந்த வகையில் இந்த உட்பிரிவை எழுதியவர்கள் பட்டறையை அறிந்தவர்களாகவே இருந்திருக்க வேண்டும்.

சட்டம் தொடக்கத்தில் கைத்தொழில் பழகுநர்களுக்காக இயற்றப்பட்டது. 1973இல் செய்த திருத்தம் பொறியியல் பட்டதாரிகளையும் டிப்ளமோ முடித்தவர்களையும் உள்ளே கொண்டுவந்தது. 2014இல் செய்த பெரிய திருத்தத்துக்குப் பின் 2019இல் திருத்திய விதிகளின்படி, 30 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனம் தன் பணியாளர் தொகையில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களை வைத்துக்கொள்ள வேண்டும். 2019 விதிகள் முதலாண்டுக்கு வகுத்த குறைந்த அளவு உதவித்தொகை ஐ.டி.ஐ. சான்றிதழ் பெற்றவருக்கு மாதம் 7,000 ரூபாய், டிப்ளமோ பெற்றவருக்கு 8,000, பட்டதாரிக்கு 9,000. தேசியப் பழகுநர் பயிற்சித் திட்டத்தின் கீழ்ப் பட்டதாரி, டிப்ளமோ பழகுநர்களுக்கான குறைந்த அளவுத் தொகையில் பாதியை மத்திய அரசு நிறுவனத்துக்குத் திருப்பித் தந்தது. 2016இல் அறிவித்த மற்றொரு திட்டம் ஏனைய பழகுநர்களுக்குக் கால்பங்கை, மாதம் 1,500 ரூபாய்க்கு மேற்படாமல், ஏற்றது. செலவு இவ்வாறு மூவர் கணக்கில் பிரிகிறது: பொருளும் நேரமும் நிறுவனத்தின் கணக்கில், உதவித்தொகையில் ஒரு பங்கு அரசின் கணக்கில், சந்தைக் கூலிக்கும் உதவித்தொகைக்கும் இடையிலுள்ள வேறுபாடு மாணவரின் கணக்கில்.

மூன்றாவது பங்கின் கனத்தை எளிய வகுத்தலில் காணலாம். 7,000 ரூபாயை 26 வேலை நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு 270 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக வரும். வெளியூரிலிருந்து வந்து, நான்கு பேராகச் சேர்ந்து ஓர் அறை எடுத்து, மெஸ்ஸில் சாப்பிட்டு, ஷிஃப்டுக்குப் பேருந்தில் போய்வரும் ஒருவருக்கு இதில் வீட்டுக்கு அனுப்ப என்ன மிஞ்சும் என்பதை விரித்துரைக்கத் தேவையில்லை. ஐ.டி.ஐ.யில் படிக்கும் காலத்துக்குத் தமிழ்நாடு அரசு மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் விலையில்லா மிதிவண்டியும் தருகிறது; அரசுப் பள்ளியில் பயின்று மேற்படிப்புக்குச் செல்லும் பெண்களுக்கு 2022 முதல் மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் ஐ.டி.ஐ. மாணவியரையும் உள்ளடக்கியது. இவை சிறிய தொகைகள் என்று எள்ளுவோர், பேருந்துக் கட்டணம் இல்லாததால் வகுப்புக்கு வராமல் நின்றவரைக் கண்டிருக்கமாட்டார்கள்.

சட்டத்தின் மற்றொரு முகமும் உண்டு. 18ஆம் பிரிவின்படி பழகுநர் பயிற்சி பெறுபவரே அன்றித் தொழிலாளி அல்லர். ஆகவே தொழிலாளர் சட்டங்கள் அவருக்குப் பொருந்தா. உடல்நலம், பாதுகாப்பு, நலவசதி பற்றிய விதிகள், விபத்தில் காயமுற்றால் இழப்பீடு பெறும் உரிமை போன்ற சிலவே அவருக்குத் தனியே வழங்கப்பட்டுள்ளன. கற்பவர் என்பதால் தரப்பட்ட இந்தத் தனிநிலை, கற்பித்தல் நின்றுபோன இடத்திலும் தொடர்ந்தால், குறைந்த செலவில் ஆள் வைத்துக்கொள்ளும் வழியாகிவிடுகிறது. சி.என்.சி. எந்திரத்தில், அதாவது கணினிக் கட்டளைப்படி தானே வெட்டும் எந்திரத்தில், துண்டை மாட்டிக் கதவை மூடிப் பொத்தானை அழுத்தி, வெட்டி முடிந்ததும் எடுத்து வைக்கும் வேலையைக் கற்பதற்குச் சில நாள் போதும். அதை ஓராண்டு முழுவதும் செய்பவர் பழகுநர் என்ற பெயரில் ஆபரேட்டராக இருக்கிறார். கட்டளைத் தொடரைத் திருத்தவும், தேய்ந்த டூலை மாற்றி ஆஃப்செட் கொடுக்கவும், அதாவது புதிய டூலின் நீளத்துக்கேற்ப எந்திரத்தின் கணக்கைச் சரிசெய்யவும், அவரை விடுவதில்லை. விட்டால் ஜாப் கெடும். கெடுப்பதற்கு இடம் கொடுக்காத இடத்தில் உதவித்தொகை தவறாமல் வரலாம், பயிற்சி நடப்பதில்லை.

இதன் மிகக் கொடிய வடிவத்தைக் கொங்கு வட்டாரத்திலும் திண்டுக்கல் பக்கத்திலும் நூற்பாலைகள் சிலவற்றில் நடந்த சுமங்கலித் திட்டத்தில் காணலாம். ஏழைக் குடும்பங்களின் பதின்பருவப் பெண்களை மூன்றாண்டுக்குப் பழகுநர் என்று சேர்த்து, ஆலை விடுதியிலேயே தங்கவைத்து, முடிவில் திருமணச் செலவுக்கு ஆகும்படி மொத்தத் தொகை தருவதாகச் சொன்ன ஏற்பாடு அது. ரிங் ஃபிரேம் என்ற நூற்பு எந்திரத்தில் அறுந்த இழையை ஒட்டுவது சில மாதங்களில் கைவந்துவிடும் வேலை என்பதை ஆலையை அறிந்தவர் எவரும் ஒப்புக்கொள்வர். எஞ்சிய காலம் முழுவதும் அவர்கள் முழுத் தொழிலாளியின் வேலையைப் பழகுநரின் தொகைக்குச் செய்தனர். காலம் முடியுமுன் உடல்நலம் கெட்டு வீடு திரும்பியவர்கள் மொத்தத் தொகையை இழந்ததாக எழுந்த முறையீடுகளும் பல. இங்கே கெட்டுப்போனது பஞ்சோ நூலோ அன்று. அதன் விலையும் அவர்கள் தலையிலேயே எழுதப்பட்டது.

முதல் வேலை குறிக்கோளுக்கு ஒன்றுமே கற்றுத்தராமல், அதற்கு நிழல் மட்டும் தருவதும் உண்டு. எஃப்.ஏ. என்ற அக்காலக் கல்லூரித் தேர்வில் தேறாத கணித அறிஞர் சீனிவாச ராமானுஜன் 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்துக்கு எழுத்தராகச் சேர்ந்தார். 1913 ஜனவரி 16ஆம் நாளிட்டுக் கேம்பிரிட்ஜிலிருந்த கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் அவர் தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டது இந்தப் பதவியையும், ஆண்டுக்கு 20 பவுன் என்று மாற்றிச் சொன்ன இந்தச் சம்பளத்தையும் கொண்டுதான். பேரேட்டில் வரவு செலவு எழுதியதால் எண் கோட்பாட்டில் அவருக்கு ஒரு தேற்றமும் கிடைத்திருக்காது. மேலதிகாரியான நாராயண ஐயர் கணிதம் கற்றவர்; கழகத் தலைவர் ஃபிரான்சிஸ் ஸ்பிரிங்கும் பரிவு காட்டினார். எழுத்தரின் நேரத்தில் ஒரு பகுதி வேறு கணக்குக்குப் போவதை அந்த அலுவலகம் பொறுத்துக்கொண்டது. 1913 மே மாதம் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகையை இரண்டு ஆண்டுக்கு வழங்கியபோது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும் என்பது தவிர அவரிடம் வேறு வேலை எதையும் கேட்கவில்லை. பயனற்றுப் போகக்கூடிய இரண்டு ஆண்டுகளின் விலையை ஒரு பொது நிறுவனம் தன் கணக்கில் எழுதிக்கொண்டது என்று இதைச் சொல்லலாம். ராமானுஜனுக்குக் கிடைத்த அத்தகைய மேலதிகாரி கிடைக்காத எழுத்தர்கள் எத்தனை பேர் என்பதற்குப் பதிவேடு கிடையாது.

வேலைக்குப் போகவிருக்கும் மாணவர் இவற்றையெல்லாம் கருத்தில் கொண்டு ஒரு தாளைக் கேட்டு வாங்க முடியும். பழகுநர் பயிற்சியை முடித்தவருக்கு வேலை தருவது முன்பு நிறுவனத்தின் கடமையாக இருக்கவில்லை. 2014ஆம் ஆண்டின் திருத்தம் சட்டத்தின் 22ஆம் பிரிவை மாற்றி, தன்னிடம் பயிற்சி முடித்தவரை வேலைக்கு எடுப்பது பற்றி ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு கொள்கையை வகுத்துக்கொள்ள வேண்டும் என்றது; கேட்டு வாங்க வேண்டிய தாள் அதுதான். ரயில்வேயில் இத்தகைய ஏற்பாடு உண்டு: ‘ஆக்ட் அப்ரண்டிஸ்’, அதாவது இச்சட்டப்படியான பழகுநர் பயிற்சி, முடித்தவர்களுக்குக் கடைநிலைப் பணியிடங்களில் 20 விழுக்காடு ஒதுக்கப்படுகிறது, பெரம்பூர் இணைப்புப்பெட்டித் தொழிற்சாலையில் பயிற்சிக்கு இடம் கிடைக்கப் போட்டி இருப்பதன் காரணங்களில் அதுவும் ஒன்று. தனியார் நிறுவனத்தின் கொள்கை ஒரே பத்தியாகவும் இருக்கலாம், பல பக்கமாகவும் இருக்கலாம். பயிற்சி முடிந்தபின் அங்கேயே பணியாற்ற வேண்டும் என்ற நிபந்தனை ஒப்பந்தத்தில் இருந்தால், அதே பிரிவின்படி தகுந்த வேலையைத் தர நிறுவனமும் கட்டுப்பட்டது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் அந்தக் கொள்கையையும் பயிற்சித் திட்டத்தையும் அருகருகே வைத்து, எந்த மாதத்தில் எந்த எந்திரத்தில் தனியே கைவைக்க விடுவார்கள் என்று தேடிப் பார்ப்பதற்கு அரைமணி நேரம் ஆகும். தேடியும் அப்படி ஒரு மாதம் அகப்படாத ஒப்பந்தங்களும் உண்டு.